அன்னபூர்ணா நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நேபாளத்தின் அன்னபூர்ணா மலைத்தொடருக்குப் போவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஊர்களின் உயரக் கணக்கு வரைபடத்துக்கு வரைபடம், பலகைக்குப் பலகை 50, 100 மீட்டர் மாறும். அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஆர்.எம்., ஈரோடு: பத்து நாள் விடுப்பு கிடைக்கும். பேஸ் கேம்ப் (மலையடி முகாம்) போவதா, மலைத்தொடரைச் சுற்றித் தோரோங் லா கணவாயைக் கடக்கும் சர்க்யூட் போவதா?

பத்து நாள் என்பது ஈரோட்டில் கிளம்பி ஈரோடு திரும்பும் கணக்கா, நடைக்குக் கிளம்பும் நகரமான போக்கராவில் கால் வைத்தபின் பத்து நாளா? முதல் கணக்கு என்றால் இரண்டையும் மறந்துவிடுங்கள். உல்லேரி, கோரேபானி, பூன் ஹில், தடாபானி, காந்த்ருக் என்று நான்கைந்து நாள் சுற்று இருக்கிறது. அதிகபட்ச உயரம் 3,200 மீட்டர்தான். தௌலகிரி, அன்னபூர்ணா, மச்சாபுச்ரே சிகரங்கள் மூன்றையும் பார்த்துவிடலாம்.

போக்கராவிலிருந்து பத்து நாள் என்றால் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் (4,130 மீ.) சரியாக வரும். இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: முதல் நாள் ஜீப்பில் காந்த்ருக் (சுமார் 2,000 மீ.). இரண்டாம் நாள் அங்கேயே தங்கல். பெரும்பாலானோர் வெட்டுவது இந்த நாளைத்தான், வெட்டக்கூடாததும் இதுதான். மூன்றாம் நாள் சோம்ரோங் (2,170). நடுவில் கிம்ரோங் ஓடைவரை இறங்கி மறுபடி ஏற வேண்டும். வரைபடத்தில் பக்கம்போலத் தெரிந்தாலும் ஐந்தாறு மணி நேரம் ஆகும். நான்காம் நாள் சினுவா, பேம்பூ தாண்டி தோபான் (2,600). ஐந்தாம் நாள் தேவுராலி (3,230). ஆறாம் நாள் இரண்டு மூன்று மணி நேரமே நடந்து மச்சாபுச்ரே பேஸ் கேம்பில் (3,700) நிறுத்திவிடுங்கள். மதியமே வந்துவிட்டோமே, இன்னும் 430 மீட்டர்தானே என்று ஏறுகிறவர்கள்தான் இரவு முழுக்கத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழாம் நாள் இருட்டோடு கிளம்பி அன்னபூர்ணா பேஸ் கேம்ப்பில் விடியலைப் பார்த்துவிட்டு, அன்றே தோபான்வரை இறங்கலாம். எட்டாம் நாள் ஜினு டண்டா. அங்கே ஆற்றங்கரையில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, முழங்காலுக்கு அதைவிட நல்ல மருந்து அந்த வழியில் கிடையாது. ஒன்பதாம் நாள் போக்கரா. பத்தாம் நாள் மழைக்கும் பனிக்கும் வயிற்றுப்போக்குக்குமான கையிருப்பு.

ஹிமாலயா என்ற தங்குமிடத்துக்கும் மச்சாபுச்ரே பேஸ் கேம்புக்கும் இடையில் பனிச்சரிவு விழும் பகுதி ஒன்று உண்டு. சரிவு தொடங்கும் இடம் பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. தலைக்கு மேலே வெயில் அடிக்கும்போதே மேலிருந்து பனி இறங்கும். 2020 ஜனவரியில் ஹின்கு குகைக்கு அருகே ஏழு பேர் இறந்தது இந்தப் பகுதியில்தான். புதுப்பனி பெய்திருந்தால், முக்கியமாக ஜனவரி முதல் ஏப்ரல்வரை, அதிகாலையிலேயே கடந்துவிட வேண்டும். எப்போது போகலாம், ஆற்றின் எந்தக் கரைப் பாதை திறந்திருக்கிறது என்பதைத் தங்குமிடக்காரர்களிடம் கேட்டுவிட்டே புறப்படுங்கள். ஒரு நாள் காத்திரு என்றால் காத்திருங்கள்.

சர்க்யூட்டுக்கு போக்கரா அல்லது காத்மாண்டுவிலிருந்து 12 முதல் 14 நாள் வேண்டும். அதைப் பற்றித் தனியாகக் கீழே.

எஸ்.பி., கோவை: வெள்ளியங்கிரி ஏழு மலையும் பலமுறை ஏறியிருக்கிறேன். அந்த அனுபவம் போதுமா?

காலுக்குப் போதும். நுரையீரலுக்கும் தலைக்கும் அது ஒன்றும் சொல்லாது. வெள்ளியங்கிரி உச்சி 2,000 மீட்டருக்குக் கீழே. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். உயரம் உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை ஊரில் இருந்தபடி சோதிக்க வழியே இல்லை. மாரத்தான் ஓடுகிறவருக்கும் மலைநோய் வரும். வேகமாக ஏறிவிட முடிகிறது என்பதாலேயே அவர்களுக்குச் சிக்கல் கூடுதல்.

பயிற்சி என்றால் எட்டு வாரம், வாரம் மூன்று நாள், 7 கிலோ பையுடன் முக்கால் மணி நேரம் படி ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் வையுங்கள். அன்னபூர்ணா பாதைகள் கல்படிகள். உல்லேரிக்கு மட்டும் 3,000-க்கு மேற்பட்ட படிகள். இறங்கும்போதுதான் தொடையும் முழங்காலும் போகும், கால்விரல் நகம் கறுக்கும். வாரக் கடைசியில் ஒருநாள் ஐந்து மணி நேரத் தொடர் நடை, மலையில் போடப் போகும் அதே ஷூவோடு.

டி.ஜே., சிங்கப்பூர்: டயமாக்ஸ் மாத்திரை போட்டால் மலைநோய் வராதா? பூண்டு சூப் குடித்தால் போதும் என்கிறார்களே?

பூண்டு சூப் ருசியாக இருக்கும், குளிருக்கு இதமாகவும் இருக்கும். அவ்வளவுதான்.

டயமாக்ஸ் (அசிட்டசோலமைடு) உடல் உயரத்துக்குப் பழகுவதை விரைவாக்கும். பழகாத உடலைப் பழகியதாக மாற்றிவிடாது. தடுப்புக்கான வழக்கமான அளவு 125 மில்லிகிராம், காலை ஒன்று, மாலை ஒன்று. ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நாளிலிருந்து எடுப்பார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மற்றவர்களும் கேட்பது நல்லது. ஊரில் இருக்கும்போதே ஒருநாள் போட்டுப் பார்ப்பதும் நல்லது. விரல் நுனியும் உதடும் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். இவை பயப்பட வேண்டிய விளைவுகள் அல்ல.

மாத்திரையைவிட முக்கியம் தூங்கும் உயரம். 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இரண்டு இரவு. பகலில் எவ்வளவு ஏறினாலும் இறங்கி வந்து தூங்கினால் சரி. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் குறைகிறது. தூக்கத்தில் மூச்சு இன்னும் தளர்கிறது. அதனால்தான் தொல்லை இரவில் முற்றுகிறது.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் சேர்ந்தால் அது மலைநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "வெயில்", "நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று காரணம் தேட வேண்டாம். சரியாகும்வரை ஒரு மீட்டர்கூட மேலே போகக்கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, இருமலில் நுரை வந்தாலோ நுரையீரலில் நீர் கோக்கிறது. பேச்சு குழறினாலோ, குதிகாலும் விரலும் தொடும்படி நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ மூளை வீங்குகிறது. இந்த இரண்டிலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. விளக்கைப் பிடித்துக்கொண்டு இறக்குங்கள், கூட ஆள் இல்லாமல் அனுப்பாதீர்கள். சில நூறு மீட்டர் இறங்கியதுமே பெரும்பாலும் மாற்றம் தெரியும்.

காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அடக்கமா என்ற இரண்டு வரிகளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை அழைத்துக் காப்பீட்டுப் பணம் கறந்த மோசடி 2018-இல் நேபாளத்தில் பெரிதாக வெடித்தது. நடந்து இறங்க முடிகிற நிலையில் யாராவது ஹெலிகாப்டருக்கு அவசரப்படுத்தினால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

வி.எல்., ஸ்ரீரங்கம்: அப்பாவுக்கு 70, அம்மாவுக்கு 66. முக்திநாத் சேவிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. போக்கராவிலிருந்து ஜீப்பில் ஒரே நாளில் போய்விடலாம் என்கிறார்கள். சரிதானா?

போய்விடலாம் என்பதுதான் பிரச்சினையே. போக்கரா 820 மீட்டர், முக்திநாத் சுமார் 3,760. ஒரே பகலில் கிட்டத்தட்ட 3,000 மீட்டர் ஏறி, அன்றிரவே அங்கே படுப்பது இளைஞர்களுக்கே ஆகாது. இதயம், சர்க்கரை, இரத்த அழுத்தம் இருக்கும் வயதில் அது வம்பு.

மாற்று இது: முதல் நாள் மார்ப்பா அல்லது ஜோம்சோம் (சுமார் 2,700 மீ.). அங்கே இரண்டு இரவு. மூன்றாம் நாள் காலையில் முக்திநாத் போய், தரிசனம் முடித்து, மதியத்துக்குள் இறங்கி ஜோம்சோமிலோ காக்பேனியிலோ தூங்குங்கள். மேலே இரவு தங்குவதைத் தவிர்த்தாலே பாதிக் கவலை தீர்ந்தது. ஜீப் நிற்கும் ராணிபௌவாவிலிருந்து கோயிலுக்கு ஏற்றம் உண்டு. 20 நிமிட நடை என்பார்கள், பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். குதிரை கிடைக்கும். கோயிலில் பக்தர்கள் நனையும் 108 தாரைகளின் நீர் பனி உருகி வருவது. நெஞ்சு நோய் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளலாம், புண்ணியம் குறையாது.

திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரங்கள் பாடிய திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் கொண்டாடும் முக்திநாத்தைத் திபெத்திய பௌத்தர்களும் தங்கள் புனித ஊற்றாகப் போற்றுகிறார்கள், அங்குள்ள மூர்த்தியை அவலோகிதேஸ்வரராக வணங்குகிறார்கள். பௌத்தப் பெண் துறவியர் அங்கே பணி செய்வதைப் பார்த்து வியக்க வேண்டாம். பக்கத்தில் ஜ்வாலா மாயி சந்நிதியில் பூமியிலிருந்து கசியும் எரிவாயு சிறு சுடராக எரிகிறது. பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

காக்பேனியில் ஆறுகள் கூடுமிடத்தில் பித்ரு காரியம் செய்வது வழக்கம். அப்பாவிடம் முன்கூட்டியே கேட்டுவைத்தால் அதற்கு அரை நாள் ஒதுக்கலாம்.

விமானமும் இருக்கிறது: போக்கரா–ஜோம்சோம் சுமார் 20 நிமிடம், காலையில் மட்டும். பதினொரு மணி வாக்கில் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் காற்று பேயாக எழும்பும், அதன்பின் விமானம் கிடையாது. ரத்தாவது சகஜம். திரும்பும் பயணச்சீட்டை மறுநாளுக்கே வைத்துக்கொண்டு தவிக்காதீர்கள்.

கே.என்., மதுரை: பள்ளி விடுமுறையில், அதாவது மே மாதம் போகலாமா? ஜூலையில்?

மே முதல் பாதி பரவாயில்லை. காலையில் தெளிவு, மதியத்துக்குமேல் இடியும் மழையும். சிறந்த காலம் அக்டோபர், நவம்பர். அடுத்து மார்ச், ஏப்ரல். லாலிகுராஸ் என்ற சிவப்பு மலைப்பூ காடெல்லாம் பூப்பது மார்ச்–ஏப்ரலில், கோரேபானிப் பக்கம்.

ஜூலையில் பேஸ் கேம்ப் பாதை அட்டைகளின் ராஜ்யம். ஆனால் மலைக்குப் பின்பக்கம் கதையே வேறு. தெற்கிலிருந்து வரும் பருவக்காற்றை அன்னபூர்ணா தடுத்து நிறுத்துகிறது. தெற்குச் சரிவில் லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வடக்கே ஜோம்சோமில் 300-ஐத் தொட்டாலே அதிகம். இரண்டுக்கும் வான்வழித் தூரம் 60 கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே மழைக்காலத்தில் காக்பேனி, முக்திநாத் பகுதியில் நடக்கலாம். அங்கே போய்ச் சேர, பேனி என்ற ஊர் வழியாகச் செல்லும் சாலையில்தான் மண்சரிவு. கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். ஆவணி அவிட்டப் பௌர்ணமியை ஒட்டி முக்திநாத்தில் யார்டுங் திருவிழாவும் குதிரைப் பந்தயமும் உண்டு.

அக்டோபரில் போகிறவர்களுக்கு ஒரு சொல்: தசைன் பண்டிகை வாரத்தில் வழிகாட்டிகளும் சுமைக்காரர்களும் வீட்டுக்குப் போக விரும்புவார்கள், பேருந்துகள் நிரம்பி வழியும். தேதியைப் பார்த்துவிட்டு ஆட்களை முன்பே பேசிவையுங்கள்.

எம்.எச்., யாழ்ப்பாணம்: என்னென்ன அனுமதி வேண்டும்? இந்தியாவிலிருந்து வரும் நண்பருக்கும் எனக்கும் வேறுபாடு உண்டா?

இந்தியருக்கு விசா இல்லை. விமானத்தில் வருகிறவரிடம் கடவுச்சீட்டு அல்லது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை இருக்க வேண்டும். 15 முதல் 65 வயதுவரை ஆதார் செல்லாது. விமான நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். இலங்கையர் வந்திறங்கி விசா பெறலாம். சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் ஆண்டின் முதல் 30 நாளுக்குக் கட்டணம் இல்லை.

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதியின் நுழைவுச் சீட்டு இருவருக்குமே 1,000 நேபாள ரூபாய். சார்க் அல்லாதவருக்கு 3,000. காத்மாண்டு, போக்கரா அலுவலகங்களில் வாங்கலாம். புகைப்படம் கையோடு இருக்கட்டும். சீட்டில்லாமல் சோதனைச் சாவடிவரை போய்விட்டால் இரட்டிப்புக் கட்டணம். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, மறந்துவிடாதீர்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு நடைப்பயணிகள் பதிவுபெற்ற நிறுவனம் மூலம் வழிகாட்டியோடு போக வேண்டும் என்பது விதி. அதோடு டிம்ஸ் என்ற நடைப்பயணிப் பதிவு அட்டை; அதை நிறுவனமே எடுத்துக் கொடுக்கும். "யாரும் கேட்கமாட்டார்கள், தனியாகப் போகலாம்" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். பனிமூட்டத்தில் பாதை மறையும்போது அவர்கள் உங்களோடு இருக்கமாட்டார்கள்.

பணம்: ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய், நிலையான மாற்று. இந்திய நோட்டு என்றால் 100 ரூபாய்த் தாளாகவே கொண்டுபோங்கள். மலையில் செலவழிக்க வேண்டிய முழுத் தொகையையும் போக்கராவிலேயே நேபாள ரூபாயாக எடுத்துவிடுங்கள். சோம்ரோங்குக்கு மேலே ஏ.டி.எம். இல்லை.

பி.டி., திருநெல்வேலி: சுமைக்காரர் வைத்தால் எவ்வளவு எடை கொடுக்கலாம்?

இரண்டு பேருக்கு ஒருவர், இருவர் பொருளும் சேர்ந்து 20 கிலோ. அவருடைய சொந்தப் பொருள் இதற்குமேல். கிளம்புவதற்கு முன் அவரிடம் நல்ல ஷூ, கம்பளிச் சட்டை, கையுறை, கறுப்புக் கண்ணாடி இருக்கிறதா, நிறுவனம் அவருக்குக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பனியில் கண்ணாடி இல்லாமல் நடந்தால் ஒரே நாளில் கண் எரிந்து பார்வை மங்கும். அவருக்கும் மலைநோய் வரும். வந்தால் கூலியைப் பிடிக்காமல் துணையோடு கீழே அனுப்ப வேண்டும்.

ஜி.ஆர்., மயிலாடுதுறை: சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

உங்களுக்குத்தான் வசதி. சோறு, பருப்பு, காய், கீரை, ஊறுகாய் சேர்ந்த தால் பாத் எங்கும் உண்டு. மற்றதெல்லாம் ஒருமுறைதான், தால் பாத் மட்டும் கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். காளி கண்டகிக் கரையின் தகாலி இனத்தாரின் சமையலில் வரும் ஜிம்பு (காய்ந்த மூலிகை), திமுர் (மிளகு போன்ற மசாலா) வாசனை புதிதாக இருக்கும். ஏழு மணிச் சாப்பாட்டுக்கு நாலு மணிக்கே சொல்லிவிடுங்கள், ஒரே அடுப்பில் எல்லோருக்கும் சமைக்கிறார்கள். பருப்புப் பொடி ஒரு சிறு டப்பா கொண்டுபோனால் ஆறாம் நாள் அதன் அருமை தெரியும்.



தண்ணீர்: சோம்ரோங்குக்கு மேல் பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில் விற்பதில்லை. கொதித்த நீரை விலைக்கு வாங்கலாம், அல்லது குளோரின் மாத்திரை போட்டு அரை மணி காத்திருந்து குடிக்கலாம். நீர் பனிபோலக் குளிர்ந்திருந்தால் இன்னும் கூடுதல் நேரம்.

எல்.கே., புதுச்சேரி: மலையைவிட மக்களைப் பார்க்க ஆசை. எங்கே தங்கலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தெற்கே குருங் மக்களின் காந்த்ருக். பலகைக்கல் கூரை வீடுகள், சிறிய குருங் அருங்காட்சியகம், கூர்க்கா படைகளில் பணியாற்றியவர்கள் வாழும் தெருக்கள். மாலையில் ஆமா சமூஹா என்ற தாய்மார் குழு ஆடிப் பாடினால் மாலை போட்டு வரவேற்பார்கள். முடிவில் தட்டில் பணம் வைப்பது முறை. அது பாதை செப்பனிடவும் பள்ளிக்கும் போகிறது. டிசம்பர் 30 வாக்கில் தமு லோசார், குருங் புத்தாண்டு.

வடக்கே காளி கண்டகிக் கரையில் மார்ப்பா. திபெத்து உப்பையும் தெற்கின் தானியத்தையும் கைமாற்றிச் செழித்த தகாலி வணிகர்களின் ஊர். சந்தின் கற்பலகைகளுக்கு அடியிலேயே வடிகால் ஓடுகிறது. தட்டைக் கூரை விளிம்பில் அடுக்கிய விறகு வீட்டின் செழிப்புக்கு அடையாளம். காக்பேனியில் ஊரின் இரு முனையிலும் களிமண் காவல் உருவங்கள், ஆண் ஒன்று, பெண் ஒன்று. சர்க்யூட் போகிறவர்கள் மனாங்குக்கு அரை மணி முன்பே வரும் ப்ராகா கோம்பாவை (பௌத்த மடம்) விடக்கூடாது. மனாங்கில் எப்படியும் இரண்டு இரவு தங்கித்தான் ஆக வேண்டும், ஓய்வு நாளுக்கு அது பொருத்தம்.

இவற்றையெல்லாம் பார்க்க வேண்டுமானால் மதியம் இரண்டு மணிக்குள் ஊரை அடைய வேண்டும். ஐந்து மணிக்கு வந்து விழுந்து ஏழு மணிக்குத் தூங்குகிறவருக்கு எல்லா ஊரும் ஒரே தங்குமிடம்தான்.

கவனம் என்றால்: மந்திரம் செதுக்கிய மணிச்சுவர் உங்கள் வலக்கைப் பக்கம் வரும்படி கடக்க வேண்டும், பிரார்த்தனை உருளைகளையும் வலமாகவே சுற்ற வேண்டும். எச்சில் பார்ப்பது நம் வீடுகளைப் போலவேதான். அங்கே ஜூட்டோ என்பார்கள். கடித்ததைப் பகிராதீர்கள், பாட்டிலை வாய் வைத்துக் குடித்து அடுத்தவருக்கு நீட்டாதீர்கள். அடுப்பு நெருப்பில் குப்பை போடக்கூடாது. சோம்ரோங், சினுவாவுக்கு மேலே உள்ள பள்ளத்தாக்கு புனித நிலம். இறைச்சி கொண்டுபோகக்கூடாது, அங்கே சமைப்பதும் இல்லை. டப்பாவில் அடைத்த மீனை ஒளித்து எடுத்துப் போவது தைரியம் அல்ல, அநாகரிகம். மச்சாபுச்ரே (6,993 மீ.) சிகரத்தில் ஏற அனுமதியே இல்லை.

என்.வி., சென்னை: தோரோங் லா ஆபத்தானதா?

வானிலை நன்றாக இருந்தால் 5,416 மீட்டர் உயரத்துக்கு ஒரு நீண்ட, களைப்பூட்டும் நடை. கயிறு, கோடரி வேண்டாம். சர்க்யூட் தொடங்கும் பேசிசஹரிலிருந்து ஜீப் இப்போது மனாங்வரை (3,540) போகிறது, அதில் ஒரே மூச்சாகப் போவதே முதல் தவறு. சாமேயில் (2,670) இறங்கி நடங்கள். மேல் பிசாங், ங்காவல் என்று உயர்பாதையில் போனால் உடல் பழகும், அன்னபூர்ணா வடமுகமும் எதிரே நிற்கும். மனாங்கில் இரண்டு இரவு. பருவகாலத்தில் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையத்தில் மலைநோய் பற்றி விளக்கிச் சொல்கிறார்கள், போய் உட்காருங்கள். பிறகு யாக் கர்க்கா, தோரோங் பேடி. கணவாய் நாளன்று விடியற்காலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும், முற்பகலுக்குள் காற்று வலுத்துவிடும். உச்சியிலிருந்து முக்திநாத்வரை 1,600 மீட்டருக்கு மேல் இறக்கம். ஊன்றுகோல் இரண்டும் அன்றுதான் காசுக்கு வேலை செய்யும்.

சென்னைக்காரரான உங்களுக்குப் புரியும் கணக்கு ஒன்று: 2014 அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் மிச்சம் இரண்டு நாளில் வடக்கே போய் இந்தக் கணவாயில் பனிப்புயலாகக் கொட்டியது. 40-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தங்குமிடத்தில் இருந்தபடி காத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். பனியில் கீழே இறங்கிவிடலாம் என்று கிளம்பியவர்களில் பலர் வழி தவறினார்கள். அக்டோபர், நவம்பரில் வங்கக்கடலில் புயல் என்று செய்தி வந்தால், அது ஆந்திரா, ஒடிசா பக்கம் திரும்பினால், தோரோங் பேடியிலோ மனாங்கிலோ இரண்டு மூன்று நாள் நகராதீர்கள்.

எஸ்.ஐ., நாகர்கோவில்: தூக்கப்பை, ஜாக்கெட் எல்லாம் இங்கேயே வாங்க வேண்டுமா?

தூக்கப்பையும் தடித்த இறகு ஜாக்கெட்டும் போக்கராவில் வாடகைக்குக் கிடைக்கும். ஷூவை மட்டும் ஊரிலிருந்தே, நன்கு பழக்கிக் கொண்டுபோங்கள். பருத்திச் சட்டை வேண்டாம், வியர்வையை வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவிடும். நகத்தை முந்தைய நாளே ஒட்ட வெட்டுங்கள். பேட்டரி, அலைபேசி, ஈரமான சாக்ஸ் மூன்றையும் இரவில் தூக்கப்பைக்குள்ளேயே வையுங்கள்.

எஸ்.ஐ., நாகர்கோவில் (அதே கடிதத்தில்): மேலே வைஃபை கிடைக்குமா?

பல தங்குமிடங்களில் காசுக்குக் கிடைக்கும், மேகம் மூடினால் போய்விடும். நேபாள டெலிகாம் சிம் ஒன்று போக்கராவிலோ காத்மாண்டுவிலோ வாங்கிக்கொள்ளுங்கள், மலைக்குள் அதுதான் அதிக தூரம் எடுக்கும். வீட்டாரிடம் "இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்தாலும் கவலை வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிட்டு, எந்தத் தேதியில் எந்த ஊர் என்ற பட்டியலையும் வழிகாட்டியின் எண்ணையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.